அடைப்புக்குறிக்குள் ஒரு பட்டம்

எங்கள் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகைகளில் பெயருக்குப் பின்னால் படிப்பைப் போடுவது வழக்கம். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் மட்டுமல்ல. சித்தப்பா, தாய்மாமன், அவர்களுடைய பிள்ளைகள் வரைக்கும் போடுவார்கள். படித்து முடித்தவர்களுக்கு நேராகப் போட வேண்டும். படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். பத்திரிகையை வாங்குகிறவர்கள் முகூர்த்த நேரத்தைப் பார்ப்பதற்கு முன் அதைத்தான் பார்ப்பார்கள்.

என் மகன் மதனின் கல்யாணப் பத்திரிகையில் ஓர் அடைப்புக்குறியை நான் என் பேனாவால் அடித்தேன். இந்தக் கதை அதைப் பற்றியது.

என் பெயர் நாச்சிமுத்து. சொந்த ஊர் ஆட்டையாம்பட்டி. தறி ஓட்டிய குடும்பத்தில் முதன்முதலாக அரசுச் சம்பளம் வாங்கியவன் நான்தான். கிராம நிர்வாக அலுவலராக முப்பத்தொரு வருடம் இருந்தேன். இருப்பிடம், வாரிசு, வருமானம் என்று ஊராருக்கு எத்தனையோ சான்றுகளுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒன்றுகூடப் பொய்யில்லை. சொந்தத் தங்கையின் கணவர் வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு ஓர் இருப்பிடச் சான்று கேட்டபோதும், "நீங்க குடியிருக்கறது ராசிபுரத்துலங்க மச்சான். காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்று சொல்லி அனுப்பியவன்.

அப்படிப்பட்டவன், பத்து வருடத்துக்கு முன் ஓர் ஆடி மாதப் பகலில் தீனதயாளனின் அச்சகத்தில் சம்பந்தியோடு உட்கார்ந்திருந்தேன். சம்பந்தி எடப்பாடிக்காரர். விசைத்தறி வைத்திருப்பவர், அதிர்ந்து பேசமாட்டார். அவருடைய மகள் தமிழ்ச்செல்வி சேலத்தில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. கணிதம் முதல் வருடம் முடித்திருந்தாள். தீனதயாளன் நீட்டிய மாதிரித் தாளில் 'தமிழ்ச்செல்வி, பி.எஸ்ஸி., (எம்.எஸ்ஸி.,)' என்று சரியாகத்தான் இருந்தது.

அதற்கு முந்தின மாதம் என் பங்காளி பச்சமுத்துவின் மகனுக்குக் கல்யாணம் நடந்திருந்தது. பச்சமுத்து எனக்குத் தம்பி முறை. ஊருக்கு வெளியே ஒரு தனியார் பள்ளி நடத்துகிறவன். அவன் வீட்டுக்கு வந்த மருமகளின் பெயருக்குப் பின்னால் எம்.காம்., எம்.ஃபில்., என்று இரண்டு பட்டங்கள், அடைப்புக்குறி இல்லாமல். அந்தப் பத்திரிகையை என் கையில் கொடுத்தபோது பச்சமுத்து கட்டைவிரலை அந்த வரிக்குக் கீழேயே வைத்துக் கொடுத்தான்.

நான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அடைப்புக்குறியை இரண்டு பக்கமும் அடித்தேன்.

சம்பந்தி மெல்ல, "புள்ள இன்னும் முடிக்கலீங்களே சம்பந்தி" என்றார்.

"முடிக்கத்தானே போகுது? ஒரு வருசத்துல முடிக்கற படிப்புக்கு எதுக்குங்க கோடு?"

அவர் பெண்ணைக் கொடுப்பவர். மாதிரித் தாளைத் தீனதயாளன் பக்கம் நகர்த்தினார்.

கல்யாணம் முடிந்து பத்து நாள் கழித்துத் தமிழ்ச்செல்வி என்னிடம் வந்து, "மாமா, ரெண்டாம் வருசம் ஆரம்பிச்சுட்டாங்க. திங்கக்கெழமையில இருந்து போகட்டுங்களா?" என்று கேட்டாள்.

அப்போதுதான் நான் செய்த வேலை எனக்குப் புரிந்தது. ஆயிரத்தைந்நூறு பேருக்குப் பத்திரிகை கொடுத்திருக்கிறேன். எம்.எஸ்ஸி. முடித்த மருமகள் தோளில் பையை மாட்டிக்கொண்டு சேலம் பேருந்துக்கு நின்றால், எங்கம்மா போறே என்று கடைவீதியில் நாலு பேர் கேட்பார்கள். அவள் என்ன சொல்வாள்?

"கொஞ்ச நாள் போகட்டும் அம்மணி" என்றேன்.

அவள் என் முகத்தையே ஒரு கணம் பார்த்தாள். "சரிங்க மாமா" என்று உள்ளே போனாள். காரணம் கேட்கவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்கும் புரிந்தது. நான் பத்திரிகையில் கொடுத்த பட்டம், அவள் வாங்க வேண்டிய பட்டத்துக்குக் குறுக்கே நின்றுவிட்டது.

கொஞ்ச நாள் என்பது நாலைந்து வருடமானது. ஊரும் உறவும் அவளை எம்மெஸ்ஸி மருமக என்றே அழைத்தன. தெருப் பிள்ளைகள் கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு வரும். அவள் சலிக்காமல் போட்டுக் கொடுப்பாள். யாராவது, "எம்மெஸ்ஸி எந்த வருசம் முடிச்சே கண்ணு?" என்று கேட்டால், "உள்ள பால் பொங்குதுங்க" என்று எழுந்துவிடுவாள். எங்கள் வீட்டில் அவ்வளவு பால் கிடையாது.

பேத்தி ஷாலினி பிறந்து தவழ ஆரம்பித்த சமயம் பச்சமுத்து வீட்டுக்கு வந்தான். அவன் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தியவர் நின்றுவிட்டாராம்.

"நம்மூட்டுப் புள்ள எம்மெஸ்ஸி படிச்சுப்போட்டு இட்லிக்கு மாவாட்டிட்டு இருக்குது. நான் வெளிய ஆளுத் தேடறனுங்ணா. சர்ட்டிபிகேட்டோட ஒரு காப்பி மட்டும் குடுத்து அனுப்புங்க, அடுத்த வாரமே சேத்திக்கறேன்."

"எங்க ஊட்டுப் பொம்பளைக வேலைக்குப் போயித்தான் ஆகோணும்னு இல்லை பச்சமுத்து" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

பச்சமுத்து முகம் சுண்டிப்போய்க் கிளம்பினான். சமையலறை வாசலில் தமிழ்ச்செல்வி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

இரண்டு நாள் கழித்துக் கைபேசியோடு என் எதிரில் வந்து நின்றாள்.

"மாமா, ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே? எம்மெஸ்ஸி கணக்கைத் தபால்ல படிக்கலாமுங்க. காலேஜுக்கே போக வேண்டாம். பொஸ்தகம் அனுப்பிருவாங்க. பாடத்தைப் போன்ல நடத்தறாங்க, நம்மளுக்கு ஆகற நேரத்துக்குப் பாத்துக்கலாம். வருசத்துக்கு ரெண்டு தடவை பரீட்சை, சனி ஞாயிறுல. முடிஞ்ச பேப்பரை எழுதலாம், முடியாததை அடுத்த தடவைக்குத் தள்ளிக்கலாம். அஞ்சு வருசத்துக்குள்ள முடிச்சாப் போதுமுங்க."

"மொத வருசம் எழுதுனதெல்லாம்?"

"அது போச்சுங்க மாமா. மறுபடி மொதல்ல இருந்துதான்."

நான் கைபேசியை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளே தொடர்ந்தாள்.

"பத்திரிகையில போட்டது பொய்யாவே இருக்க வேண்டாமுங்க. அதை நெசமாக்கிப்போட்டா உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

அந்த விஷயத்தை அவள் வாய்விட்டுச் சொன்னது அந்த ஒரு முறைதான். குற்றம் சொல்லும் குரலே இல்லை. வீட்டில் ஓட்டை விழுந்த பாத்திரத்தை அடைத்துக் கொண்டுவருகிறேன் என்பதுபோல் சொன்னாள். நான் சம்மதித்தேன். அவள் படிக்க வேண்டும் என்று சம்மதித்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல. யாருக்கும் தெரியாமல் படிக்கலாம் என்பதால் சம்மதித்தேன்.

ஏற்பாடுகளையும் நானே செய்தேன். புத்தகங்கள் எடப்பாடியில் அவளுடைய அண்ணன் குமரகுருவின் முகவரிக்கு வர வேண்டும். தேர்வு மையம் சேலம் அஸ்தம்பட்டியிலேயே ஒன்று இருந்தது. வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். ஆனால் அஸ்தம்பட்டியில் எங்களுக்குத் தெரிந்தவர்கள் வீதிக்கு இரண்டு பேர். அது வேண்டாம் என்று தர்மபுரியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். மதனுக்குத் திருப்பூரில் வேலை, மாதம் இருமுறைதான் வருவான். என் மனைவி கந்தம்மாளுக்கு முழங்கால் வலி. எனவே கைக்குழந்தையோடு மருமகளைத் தர்மபுரிக்கு அழைத்துப்போகும் பொறுப்பு என்னுடையதானது.

விடியற்காலையில் கிளம்புவோம். கடைவீதி வழியாகப் போனால் டீக்கடையில் ஆட்கள் இருப்பார்கள் என்று பின்சந்து வழியாக நடந்து, ஊரைத் தாண்டி செங்கல் சூளை நிறுத்தத்தில் பேருந்து ஏறுவோம். யாராவது கேட்டால், தர்மபுரிப் பக்கம் ஒரு கோயிலில் வேண்டுதல் என்று சொல்லிவைத்திருந்தேன். வருடத்துக்கு நாலைந்து முறை அப்படி என்ன வேண்டுதல் என்று பச்சமுத்துகூடக் கேட்டான்.

தேர்வு நடந்தது ஒரு பழைய பள்ளிக்கூடத்தில். அதன் வேப்பமரத்தடியில் நானும் ஷாலினியும் காத்திருப்போம். அந்த மரத்தடியில்தான் அவள் நடை பழகினாள். பிறகு பேசப் பழகினாள். பிறகு கடலை மிட்டாய் கேட்டு அழப் பழகினாள்.

அங்கே தேர்வு எழுத வருகிறவர்களைப் பார்க்க எனக்கு முதலில் வியப்பாக இருந்தது. காக்கிக் கால்சட்டைக்கு மேல் வேறு சட்டை போட்டுக்கொண்டு ஒரு காவலர் வருவார். அறிவுச்செல்வி என்று ரேஷன் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண், மகனைப் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குத் தயார்செய்துகொண்டே தானும் எழுதினாள். ராசிபுரத்துக்காரன் அன்பழகன் அரசுப் பேருந்தில் நடத்துநர். இரவுப் பணி முடித்துவிட்டு நேராக வந்து எழுதுவான். இவர்கள் யாரும் எதையும் மறைக்கவில்லை. "போன தடவை ஆல்ஜிப்ராவுல ஊத்திக்கிச்சுங்க" என்று அன்பழகன் பேருந்து நிலையத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்துக்கொண்டே சொல்வான்.

ஒருநாள் அறிவுச்செல்வி மரத்தடியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க பொண்ணுங்களாய்யா?" என்று கேட்டாள்.

"மருமக."

"மருமகளைப் படிக்க வெச்சு, கொழந்தையும் பாத்துக்கறீங்களா? எங்க மாமனாரு நான் பொஸ்தகத்தை எடுத்தாலே செருமுவாருங்க. உங்களுக்குப் பெரிய மனசுங்கய்யா."

நான் குழந்தைக்குத் தண்ணீர் கொடுப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். முப்பத்தொரு வருடப் பணியில் தகுதியில்லாதவருக்கு ஒரு சான்றும் கொடுத்ததில்லை. அன்று தகுதியில்லாத ஒரு சான்றை நானே வாங்கிக்கொண்டேன்.

திரும்பும் பேருந்தில் அன்பழகன் எங்களுக்கு முன் இருக்கையில் இடம் போட்டுவைப்பான். வழியெல்லாம் தமிழ்ச்செல்வியிடம் சந்தேகம் கேட்பான்.

"அம்மணி, இந்தக் காம்பேக்ட்டு எனக்கு மண்டையிலயே ஏற மாட்டேங்குதுங்க."

"ஒரு எடத்தை மூடறதுக்கு எண்ணிக்கையே இல்லாத போர்வை இருக்குதுன்னு வெச்சுக்குங்கண்ணா. எப்படிப்பட்ட போர்வைகளைக் குடுத்தாலும் அதுல எண்ணி நாலஞ்சை மட்டும் எடுத்தே மூடிப்போட முடிஞ்சா, அதுதான் காம்பேக்ட்டு."

"நாலஞ்சு பத்தலைன்னா?"

"நானூறுன்னாலும் செரி, எண்ணி முடிக்கற மாதிரி இருக்கோணும்."

"அப்ப நம்ம பஸ்ஸு காம்பேக்ட்டு இல்லீங்க. தீபாவளிக்கு எண்ணியே முடிக்க முடியாது."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். என் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு அவர்கள் பேசியதில் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனாலும் அந்தப் பேச்சு நிற்காமல் இருக்க வேண்டும் என்றிருந்தது. அதற்கப்புறம் தேர்வு நாட்கள் வருவதை நான் உள்ளுக்குள் எதிர்பார்க்க ஆரம்பித்தேன். வெளியே சொல்லவில்லை.

கொரோனா வருடம் ஒன்று வீணாகப் போனது. மற்றபடி ஒவ்வொரு தாளாகக் கரைந்தது. இருபது தாள்களில் பத்தொன்பது முடிந்துவிட்டது. மிஞ்சியது அந்தப் போர்வைக் கணக்கு வரும் டோப்பாலஜி ஒன்றுதான். ஒரு தடவை ஷாலினிக்கு டெங்கு வந்ததில் எழுத முடியவில்லை. இன்னொரு தடவை மூன்று மதிப்பெண்ணில் போனது.

சென்ற ஆனி மாதத்தில் ஷாலினிக்குக் காதணி விழா வைத்தோம். ஐந்து வயது முடிந்திருந்தது. குலதெய்வக் கோயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நாள் குறித்து, முக்கியமான உறவுக்கெல்லாம் தொலைபேசியில் சொல்லியாகிவிட்டது. தாய்மாமன் குமரகுரு சீர்த்தட்டுகளுக்குச் சொல்லிவிட்டான். பத்திரிகை மாதிரித் தாளும் தீனதயாளனிடமிருந்து வந்துவிட்டது. அதில் 'மதன், பி.இ., - தமிழ்ச்செல்வி, எம்.எஸ்ஸி.,' என்று இருந்தது. பழைய பத்திரிகையைப் பார்த்துப் போட்டிருக்கிறான்.

மறுநாள் காலையில் அன்பழகன் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"அய்யா, எத்தன மணி பஸ்ஸுக்கு வாரீங்க? சேலத்துல எடம் போட்டு வெக்கறனுங்க."

"எதுக்கப்பா?"

"இதென்னங்க இப்படிக் கேக்கறீங்க? டோப்பாலஜி. இருவத்தி ரெண்டாந்தேதி ஞாயித்துக்கெழம. டைம்டேபிள் வந்து நாலு நாளாச்சு. அம்மணி சொல்லலீங்களா?"

இருபத்தி இரண்டு. ஷாலினிக்குக் காது குத்தும் நாள்.

தமிழ்ச்செல்வி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் படியேறிப் போனதைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. கையிலிருந்த துணியை உதறாமல் நின்றாள்.

"ஏம்மா சொல்லலை?"

"சொல்லி என்னங்க மாமா பண்றது? ஊரையெல்லாம் கூப்புட்டாச்சு. நாளை மாத்துனா ஏன்னு கேப்பாங்க. நீங்க என்ன சொல்லுவீங்க?"

கிளிப்புக் கூடையை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"அடுத்த தடவை எழுதிக்கலாமா?"

"இல்லீங்க. அஞ்சு வருசம் இதோட முடியுது. இப்ப எழுதலைன்னா மறுபடி மொதல்ல இருந்துதான்." துணியைக் கொடியில் போட்டுக் கிளிப்பை மாட்டினாள். "பரவாயில்லீங்க மாமா. ஊரைப் பொறுத்த வரைக்கும் நான் எம்மெஸ்ஸிதானுங்களே."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பத்து வருடம் என் மானத்தை அவள் பால் பொங்குகிறது என்று சொல்லிச் சொல்லிக் காப்பாற்றியிருக்கிறாள். ஐந்து வருடம் கைக்குழந்தையோடு இருட்டில் பின்சந்தில் நடந்திருக்கிறாள். குடும்ப கௌரவத்தைக் காப்பவன் நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காத்தவள் ஈரத்துணியோடு எதிரில் நின்றிருந்தாள்.

கீழே வந்து கந்தம்மாளிடம் விஷயத்தைச் சொன்னேன். குறித்த நாளை மாற்றினால் சாமி குற்றம் என்பாளோ என்று பயந்தேன்.

"அடுத்த வெள்ளிக்கெழமையும் நல்ல நாள்தானுங்க" என்றாள், நாட்காட்டியைப் பார்க்காமலே. ஏற்கெனவே பார்த்துவைத்திருக்கிறாள். "புள்ள படிப்புக்கு நாளை மாத்துனாச் சாமி கோவிச்சுக்காதுங்க. நீங்க கோவிச்சுக்காம இருங்க, அது போதும்."

நான் சட்டையை மாட்டிக்கொண்டு அச்சகத்துக்குப் போனேன். மாதிரித் தாளில் தேதியைத் திருத்தினேன். பிறகு தமிழ்ச்செல்வியின் பெயருக்குப் பின்னால் 'பி.எஸ்ஸி.,' என்று சேர்த்து, எம்.எஸ்ஸி.க்கு இரண்டு பக்கமும் அடைப்புக்குறி போட்டேன். கோடு இரண்டும் கொஞ்சம் கோணலாக விழுந்தன. எனக்கு வயது எழுபது, அதனாலும் இருக்கலாம்.

தீனதயாளன் தாளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "அய்யா, இதே கோட்டைத்தானே அன்னைக்கு அடிச்சீங்க?"

"ஆமா."

"முப்பது வருசமாப் பிரஸ் நடத்தறனுங்க. கோட்டை எடுங்கன்னு மாசத்துக்கு நாலு பேரு வாராங்க. போடுங்கன்னு வந்தது நீங்க ஒருத்தருதான்."

"சரியா விழுமில்ல?"

"தடிமனாவே போட்டுடறனுங்க."

"தடிமனெல்லாம் வேண்டாம். எப்பவும் போடற மாதிரி போடு."

முதல் பத்திரிகையைக் குலதெய்வத்துக்கு வைத்தோம். இரண்டாவதைப் பச்சமுத்துவுக்குக் கொடுப்பது என்று முடிவு செய்திருந்தேன். கசப்பு மருந்தை முதலிலேயே குடித்துவிடுவது நல்லது.

பச்சமுத்துவும் அவன் மனைவி சின்னாயியும் வீட்டில் இருந்தார்கள். தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை வைத்து நீட்டினேன். நாள் மாறியிருப்பதைச் சொன்னேன். பச்சமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தான். எதிர்பார்த்த இடத்தில் அவன் விரல் நின்றது.

"ஏனுங்ணா, பிரஸ்காரன் தப்பாப் போட்டுட்டான் பாருங்க. எம்மெஸ்ஸிக்கு அடைப்புக்குறி உழுந்திருக்குது."

"தப்பில்லை பச்சமுத்து. போன தடவை போட்டதுதான் தப்பு. புள்ள அன்னைக்கு முடிக்கலை. இப்பத்தான் எழுதுது. இருவத்தி ரெண்டாந்தேதி கடைசிப் பரீட்சை. அதுக்குத்தான் நாளை மாத்துனது."

பச்சமுத்து கண்ணாடியைக் கழற்றினான்.

"அப்ப அந்தத் தர்மபுரிக் கோயிலு?"

"பரீட்சை மையம்."

"வேண்டுதலு?"

"பாஸாகோணும்னுதான்."

"அப்ப நான் சர்ட்டிபிகேட்டுக் கேட்டு வந்தப்ப, எங்க ஊட்டுப் பொம்பளைக வேலைக்குப் போக மாட்டாங்கன்னு அந்தச் சத்தம் போட்டீங்களே?"

"சர்ட்டிபிகேட்டு இல்லை. அதுக்குத்தான்."

"ஊருக்கெல்லாம் சர்ட்டிபிகேட்டுக் குடுத்த வி.ஏ.ஓ.!" என்றான் பச்சமுத்து. பத்து வருடமாக எதற்குப் பயந்தேனோ அந்த வாக்கியம் வந்துவிட்டது. வந்த பிறகு பார்த்தால், ஒரு வாக்கியம்தான். உண்மையான வாக்கியம். முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உள்ளேயிருந்து தண்ணீர்ச் சொம்போடு வந்த சின்னாயி சிரித்துவிட்டாள்.

"இவரு பேசறாருங்களா மாமா? இவரோட தம்பி கண்ணாலத்துல டிப்ளமோவைப் பி.இ.ன்னு போட்டது யாருங்க? இன்னைக்கு வரைக்கும் எங்க கொழுந்தனாரு அந்தப் பத்திரிகையப் பாத்தாப் பீரோவுக்குள்ள தள்ளறாரு."

"நீ சும்மா இருடி. அதும் இதும் ஒண்ணா?"

"ஒண்ணுதான். இவங்க திருத்திப் போட்டுட்டாங்க. நீங்க திருத்தல. அவ்வளவுதான் வித்தியாசம்."

பச்சமுத்து ஏதோ சொல்ல வாயெடுத்து, சிரிப்பை அடக்க முடியாமல் விட்டுவிட்டான். "புள்ளைய நல்லா எழுதச் சொல்லுங்கண்ணா" என்றான் கடைசியில். "கஷ்டமான பேப்பருங்களா?"

"போர்வையைப் பத்தினது" என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அதற்கப்புறம் நாற்பது வீடுகளில் அதே விஷயத்தைச் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். சிலர் முகம் திருப்பினார்கள். எடப்பாடியில் சம்பந்தி பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இரண்டு கோடுகளையே பார்த்தபடி இருந்தார். பிறகு, "சாப்புட்டுத்தான் போகோணும் சம்பந்தி" என்றார். அவர் பேசும் அளவுக்கு அது நீண்ட பேச்சு.

இருபத்தி இரண்டாம் தேதி வழக்கம்போல் விடியலில் கிளம்பினோம். வழக்கம்போல் ஷாலினி நானும் வருவேன் என்று அழுது கூடவே வந்தாள். தமிழ்ச்செல்வி பழக்கத்தில் பின்சந்துப் பக்கம் திரும்பினாள்.

"இப்படி வா அம்மணி" என்று கடைவீதிப் பக்கம் நடந்தேன். டீக்கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். "பரீட்சைக்குங்களா?" என்று ஒருவர் கேட்டார். "ஆமாங்க" என்றாள் தமிழ்ச்செல்வி. அவள் எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை.

மூன்று மணி நேரம் கழித்து அன்பழகன் முதலில் வெளியே வந்தான். "போர்வை வந்துருச்சுங்கய்யா! பத்து மார்க்கு!" என்று மைதானமெல்லாம் கேட்கக் கத்தினான். பின்னால் வந்த தமிழ்ச்செல்வியின் கட்டைவிரலில் மை அப்பியிருந்தது. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள்.

வெள்ளிக்கிழமை குமரகுருவின் மடியில் உட்காரவைத்து ஷாலினிக்குக் காது குத்தினோம். அவள் போட்ட சத்தத்தில் மேளக்காரரே ஒரு நிமிடம் நிறுத்திவிட்டார். பந்தியில் யாராவது பட்டத்தைப் பற்றிப் பேசுவார்களோ என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு அலைந்தேன். பேசத்தான் செய்தார்கள். "எப்ப கண்ணு ரிசல்ட்டு?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். "அடுத்த மாசமுங்க, அடுத்த மாசமுங்க" என்று பதில் சொல்லியே தமிழ்ச்செல்வி ஓய்ந்துபோனாள். அன்று பால் பொங்கவே இல்லை.

டோப்பாலஜியில் அறுபத்தி ஒன்று. மொத்தத்தில் முதல் வகுப்பு. பட்டச் சான்று ஐப்பசியில் எங்கள் முகவரிக்கே பதிவுத் தபாலில் வந்தது. தபால்காரர் கையெழுத்துக் கேட்டபோது நான் போடப்போனேன். பிறகு அவளைக் கூப்பிட்டேன். அவளுடைய பெயருக்கு வந்தது, அவள்தான் போட வேண்டும்.

உறையைப் பிரித்து எடுத்து என் கையில் கொடுத்தாள். சான்றிதழ்களை எப்படிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். முத்திரை, தேதி, எண், கையொப்பம் என்று வரிசையாகப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அவளிடம் நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் மாமனார் மருமகளிடம் அந்த வார்த்தையைச் சொல்லிப் பழக்கமில்லை. "வேலைக்குப் போறயா அம்மணி?" என்று கேட்டேன்.

"போறனுங்க மாமா. அன்னைக்குச் சின்ன மாமா வந்து கேட்டப்பவே போகோணும்னுதான் இருந்துச்சு."

"அப்பக் கெளம்பு."

அவளுடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தேன். சான்றிதழை அட்டைக் கோப்பில் வைத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். பச்சமுத்துவின் பள்ளி அலுவலகத்தில் கோப்பைத் திறந்து அவன் மேசையில் வைத்தேன்.

"நீ கேட்ட சர்ட்டிபிகேட்டு. கொஞ்சம் தாமதமாயிருச்சு."

"ஜெராக்ஸ் போதுமேங்ணா, ஒரிஜினல் எதுக்கு?"

"ஒரிஜினலைப் பாத்துக்க. அப்புறம் ஜெராக்ஸ் எடுத்துக்கலாம்."

பச்சமுத்து கண்ணாடியை மாட்டி முழுவதும் படித்தான். எழுந்து நின்று இரண்டு கையாலும் அதைத் தமிழ்ச்செல்வியிடம் திருப்பிக் கொடுத்தான். "திங்கக்கெழம காலைல ஒம்பது மணிக்கு வந்துரு சாமி. பன்னெண்டாவது பசங்க ரெண்டு மாசமாக் கணக்கு வாத்தியாரு இல்லாமக் கெடக்கறானுங்க" என்றான்.

திரும்பும்போது அவள் வண்டியைப் புறவழிச்சாலைப் பக்கம் திருப்பினாள். அந்த வழியில் கூட்டமிருக்காது, சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடலாம்.

"கடைவீதி வழியாப் போம்மா" என்றேன்.

"அங்க இந்நேரம் நெரிசலா இருக்குமுங்க மாமா."

"இருக்கட்டும். மெதுவாவே போ."